12-க்கும் 18-க்கும் நடுவுல ஒரு கதவு: தனியா பறக்கிற டீன் ஏஜ் பசங்களும் ஏர்போர்ட் லவுஞ்சும்

இந்த எபிசோட் ஒரு வருஷமா எடுக்கணும்னு நினைச்சு தள்ளிப் போட்டது. காரணம், இதுல தப்பு பண்ணினது நான்தான். முதல்ல கதையைச் சொல்லிடறேன், அப்புறம் விஷயத்துக்குள்ள போகலாம்.

என் அக்கா குடும்பம் புனேவுல இருக்கு. அக்கா பொண்ணுக்கு அப்போ 16 வயசு. ஒவ்வொரு மே மாசமும் கோயம்புத்தூருக்கு, எங்க அம்மா வீட்டுக்கு வருவா. போன வருஷம் முதல் தடவையா தனியா திரும்பிப் போனா. கோயம்புத்தூர்ல இருந்து பெங்களூரு, அங்க இறங்கி நாலு மணி நேரம் காத்திருந்து, மாலை 5 மணிக்கு புனே ஃப்ளைட். ஒரே டிக்கெட்.

கையில 2,000 ரூபாய் கொடுத்து அனுப்புன்னு அக்கா சொன்னா. நான் பெரிய அறிவாளி மாதிரி, "எதுக்குக்கா? என் கிரெடிட் கார்டுல லவுஞ்ச் இருக்கு. உள்ள போனா சாப்பாடு, சார்ஜிங், சோஃபா எல்லாம் ஃப்ரீ. 500 போதும்"னு சொல்லி, என் கார்டை அவ பர்ஸ்ல வெச்சு அனுப்பினேன்.

அன்னிக்கு எங்க ஆபீஸ்ல ரிலீஸ். போன் சைலன்ட்ல. ராத்திரி 8 மணிக்கு எடுத்துப் பார்த்தா ஒரே ஒரு மெசேஜ்: "மாமா, ஃப்ளைட் 9:30-க்குத்தானாம். போன் 9%."

நடந்தது இதுதான். மத்தியானம் ஒன்றரை மணிக்கு லவுஞ்ச் வாசல்ல போய் கார்டை நீட்டியிருக்கா. ரிசப்ஷன்ல போர்டிங் பாஸைப் பார்த்தாங்க, கார்டைப் பார்த்தாங்க. "இது உங்க கார்டு இல்லையே? வயசு என்ன? பெரியவங்க யாரும் கூட வரலையா?" பின்னாடி வரிசையில பத்து பேர். இவளுக்கு ஏதோ திருடி மாட்டிக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு. கார்டை வாங்கிக்கிட்டு வந்துட்டா. ஒரு சாண்ட்விச்சும் ஜூஸும் வாங்கினதுல 500-ல 430 காலி. அதுக்கப்புறம் எங்க அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கும் தண்ணியும்தான். அவங்க அம்மாவுக்கு "சாப்பிட்டேன்மா"ன்னு மெசேஜ். எனக்கு அதுவும் இல்லை.

லவுஞ்ச் விஷயமே எனக்கு மூணு நாள் கழிச்சு அக்கா மூலமாத்தான் தெரிஞ்சது. "உன் கார்டைக் காட்டினதால உனக்கு ஏதாவது பிரச்சனை வந்துடுமோன்னு பயந்துட்டாடா"ன்னு அக்கா சொன்னப்போ எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அந்த வாசல்ல இருந்தவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். விதிப்படி அவங்க சரி. அந்த விதி ஏன் அப்படி இருக்கு, அதுக்குப் பதிலா நான் என்ன பண்ணியிருக்கணும், இந்த ரெண்டும்தான் இன்னைக்கு எபிசோட்.

ஒரே ஆளுக்கு அஞ்சு வயசு

நான் கோட் எழுதுற ஆள். ஒருத்தரோட வயசு ஒரு நம்பர், அதை ஒரு இடத்துல செக் பண்ணினா போதும்னு நினைப்போம். ஏர்போர்ட்ல அப்படி இல்லை. ஒவ்வொரு கவுண்டரும் தனித்தனியா ஒரு வரம்பு வெச்சிருக்கு.

முதல்ல விமான நிறுவனம். நம்ம ஊர் உள்நாட்டு விமானங்கள்ல பொதுவா 5 வயசுக்கும் 12 வயசுக்கும் நடுவுல இருக்கிற குழந்தை தனியா போகணும்னா 'துணையில்லாத சிறுவர்' சேவை எடுத்தாகணும். தனிக் கட்டணம் கட்டி, படிவம் நிரப்பி, இறக்கிற ஊர்ல யார் வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னு எழுதிக் கொடுக்கணும். ஊழியர் ஒருத்தர் கூடவே இருந்து கையில ஒப்படைப்பார். 12 தாண்டியாச்சுன்னா? பெரியவங்க டிக்கெட், பெரியவங்க நடைமுறை. 13 வயசுப் பையனும் 45 வயசு மேனேஜரும் சிஸ்டத்துல ஒண்ணுதான்.

ரெண்டாவது வங்கி. 10 வயசு தாண்டின சிறுவர்கள் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி இயக்கலாம்னு ரிசர்வ் வங்கி 2014-லயே அனுமதிச்சது. 2025 ஏப்ரல்ல அந்த விதிகளைப் புதுப்பிச்சு மறுபடி வெளியிட்டது. அதாவது, வங்கி தன் வரம்புக்கு உட்பட்டுக் கொடுத்தா, 11 வயசுப் பொண்ணு பர்ஸ்ல அவ பேர் போட்ட டெபிட் கார்டு இருக்கலாம்.

மூணாவது சட்டம். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, ஒப்பந்தம் போடத் தகுதி 18 வயசு ஆனவங்களுக்குத்தான். இதுல ஒரு பழைய வழக்கு இருக்கு. கல்கத்தாவுல வயசுக்கு வராத ஒரு பையன் தன் வீட்டை அடமானம் வெச்சுக் கடன் வாங்கினான். அந்த அடமானம் செல்லாதுன்னு அறிவிக்கணும்னு அந்தப் பையன் தரப்புல போட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு. மைனர் போட்ட ஒப்பந்தம் ஆரம்பத்துல இருந்தே செல்லாதுன்னு 1903-ல தீர்ப்பு வந்தது. மொஹோரி பீபி வழக்குன்னு இன்னைக்கும் சட்டக் கல்லூரியில முதல் வருஷத்துலயே சொல்லித் தர்றாங்க. அதே சட்டத்துல 68-ஆம் பிரிவு, மைனருக்கு அத்தியாவசியமான பொருள் கொடுத்தவர் அதுக்கான பணத்தை அந்த மைனரோட சொத்துல இருந்து வாங்கிக்கலாம்னு சொல்லுது. இட்லி அத்தியாவசியம். லவுஞ்ச் சோஃபா அத்தியாவசியமான்னு கேட்டா, வக்கீல் நண்பர்கள் சிரிக்கிறாங்க.

நாலாவது மது. பல லவுஞ்ச்கள்ல பார் இருக்கும், சிலதுல நாமளே ஊத்திக்கிற மாதிரி பாட்டில் வெளியவே இருக்கும். மது அருந்தும் குறைந்தபட்ச வயசு தமிழ்நாட்டுல 21, கேரளாவுல 23, டெல்லியில 25. பெரியவங்க கூட இல்லாத 16 வயசுப் பையன் உள்ள வந்தா, அவனைக் கவனிக்கிற பொறுப்பு மொத்தமும் ஊழியர் தலையில விழும்.

அஞ்சாவது லவுஞ்ச் விதி. இதுக்கு ஒரே ஒரு பொது விதி கிடையாது, ஒவ்வொரு நிறுவனமும் தனியா எழுதிக்குது. ஆனா பல இடங்கள்ல சாரம் ஒண்ணுதான்: 18-க்குக் கீழ இருந்தா பெரியவர் ஒருத்தர் கூட இருக்கணும். வெளிநாட்டுலயும் இதேதான். டெல்டாவோட ஸ்கை கிளப்புல தனியா நுழைய 18 ஆகியிருக்கணும்.

ஆக, 16 வயசுப் பொண்ணு விமான நிறுவனத்துக்குப் பெரியவ. வங்கிக்குக் கணக்கு வெச்சிருக்கிற வாடிக்கையாளர். சட்டத்துக்கும் லவுஞ்சுக்கும் குழந்தை. நடுவுல மாட்டிக்கிட்டது அவதான்.

அந்த 2 ரூபாய்க்குப் பின்னாடி என்ன நடக்குது?

"கார்டு வேலை செஞ்சா உள்ள விடணும்தானே, பேர் எதுக்குப் பார்க்கணும்?" இது நானே கேட்ட கேள்வி. லவுஞ்ச் எப்படி சம்பாதிக்குதுன்னு பார்த்தா புரியும்.

ஏர்லைன் லவுஞ்ச் கலாச்சாரம் 1939-ல ஆரம்பிச்சது. நியூயார்க் லாகார்டியா விமான நிலையத்துல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'அட்மிரல்ஸ் கிளப்'னு ஒண்ணு திறந்தது. முக்கியமான ஆட்களை அழைச்சு உட்கார வைக்கிற இடம். ரொம்ப காலம் லவுஞ்ச்னாலே ஏர்லைன் தன் விலையுயர்ந்த பயணிகளுக்குக் கொடுக்கிற மரியாதைதான். 1992-ல பிரையாரிட்டி பாஸ் வந்தது. எந்த ஏர்லைன்ல போனாலும், எந்த வகுப்புல போனாலும், உறுப்பினர் அட்டை இருந்தா உள்ள போகலாம். இதே யோசனையை வங்கிகள் பிடிச்சுக்கிட்டு கார்டோட கட்டிக் கொடுத்தாங்க. 'ரெண்டு ரூபாய்க்கு பஃபே'ன்னு நம்ம ஊர்ல ரீல்ஸ் ஓடுச்சே, அது இதுதான்.

அந்த 2 ரூபாய் சாப்பாட்டு விலை இல்லை. கார்டு உயிரோட இருக்கா, இந்தச் சலுகை அதுல இருக்கான்னு சரிபார்க்கிற ஒரு சின்ன பரிவர்த்தனை. எங்க மொழியில சொன்னா ஒரு பிங். நிஜமான பில் பின்னாடி போகுது. நீங்க ஒரு தடவை உள்ள போனா, லவுஞ்ச் அதுக்கு ஒரு தொகையை கார்டு நெட்வொர்க்குக்கோ வங்கிக்கோ எழுதும். நடுவுல இந்தக் கணக்கைப் பார்க்கிற இடைத்தரகு நிறுவனங்கள் இருந்தாங்க. ட்ரீம்ஃபோக்ஸ்னு ஒண்ணு 2022-ல பங்குச் சந்தைக்கே வந்தது. 2025-ல தன் உள்நாட்டு லவுஞ்ச் சேவையை நிறுத்திடுச்சு.

கூட்டம் அதிகமாக அதிகமாக வங்கிக்குச் செலவு ஏறுது. அதனால கடந்த சில வருஷமா, முந்தின காலாண்டுல இவ்வளவு ரூபாய் செலவு பண்ணியிருந்தாத்தான் லவுஞ்ச்னு பல வங்கிகள் நிபந்தனை போட்டாங்க. இந்தச் சலுகை கார்டுதாரருக்கு மட்டும், நேர்ல வந்தா மட்டும். என் கார்டை அக்கா பொண்ணு கையில கொடுத்தது வங்கி விதிப்படியே தப்பு. கார்டை வேற யார்கிட்டயும் கொடுக்கக் கூடாதுன்னு நானே ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கேன். ரிசப்ஷன்ல பேரைப் பொருத்திப் பார்க்கிறது, வர்ற பில்லை வங்கி மறுக்காம இருக்கணும்னுதான்.

"அப்போ அவ பேர்லயே டெபிட் கார்டு இருந்திருந்தா?" பேர்ப் பிரச்சனை தீர்ந்திருக்கும். வயசுப் பிரச்சனை அப்படியே இருக்கும். அதனால கார்டை நம்பி அனுப்பறதுக்கு முன்னாடி, அந்தக் குறிப்பிட்ட லவுஞ்சோட பக்கத்துல சிறுவர்களுக்கு என்ன விதின்னு படிங்க. புரியலைன்னா போன் பண்ணிக் கேளுங்க. நான் பண்ணாதது அதுதான்.

அவளுக்கு உரிமையா இருந்த சாப்பாடு

இப்போ எனக்கு நிஜமா வலிச்ச இடத்துக்கு வர்றேன்.

அன்னிக்கு ஏழே கால் மணிக்கு கேட் பக்கத்துல சாப்பாட்டுப் பெட்டி கொடுத்திருக்காங்க. இவ பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தா. கேட்டா, "அது டிக்கெட்டோட சாப்பாட்டுக்குப் பணம் கட்டினவங்களுக்குன்னு நினைச்சேன் மாமா"ங்கிறா.

அது எல்லாருக்கும். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ., போட்டிருக்கிற விதி அது. ரெண்டரை மணி நேரம் வரைக்கும் பறக்கிற உள்நாட்டு விமானம் ரெண்டு மணி நேரத்துக்கு மேல தாமதமானா, நேரத்துக்கு செக்-இன் பண்ணின பயணிக்கு சாப்பாடும் சிற்றுண்டியும் தரணும். ரெண்டரையில இருந்து அஞ்சு மணி நேரம் பறக்கிற விமானம்னா மூணு மணி நேரத் தாமதம். மத்ததுக்கு நாலு மணி நேரம். உள்நாட்டு விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல தாமதம்னா, மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். ராத்திரி 8-க்கும் விடியற்காலை 3-க்கும் நடுவுல கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல தள்ளிப் போனா, தேவைப்பட்டா தங்குற இடமும் ஏற்பாடு பண்ணணும்.

பெங்களூரு புனே ரெண்டரை மணி நேரத்துக்குள்ள வர்ற தூரம். அவளோட ஃப்ளைட் நாலரை மணி நேரம் லேட். லவுஞ்ச் என் கார்டோட சலுகை. அந்தப் பெட்டி அவளோட உரிமை. நான் சலுகையைச் சொல்லிக் கொடுத்தேன், உரிமையைச் சொல்லிக் கொடுக்கலை.

எட்டு மணிக்கு நான் போன் பண்ணி, "கேட்ல இருக்கிற ஸ்டாஃப்கிட்ட நேரா போ. எனக்கு 16 வயசு, தனியா வந்திருக்கேன், சாப்பிடலை, போன் சாகப் போகுதுன்னு சொல்லு. வெட்கப்படாதே"ன்னு சொன்னேன். போனா. அந்த அக்கா ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்து, தன் டெஸ்க் பக்கத்துலயே உட்கார வெச்சு, போனையும் சார்ஜ்ல போட்டுக் கொடுத்தாங்க. ராத்திரி 11 மணிக்கு மேல புனே போய்ச் சேர்ந்தா. மொத்தத்துல தேவைப்பட்டது ரெண்டு வாக்கியம். அதைச் சொல்ல அவளுக்கு ஆறரை மணி நேரம் ஆச்சு, நான் பிராக்டீஸ் கொடுக்காததால.

அடுத்த தடவை என்ன பண்றோம்

எங்க வேலையில 'ஒரே ஒரு சர்வரை நம்பாதே'ன்னு ஜூனியர்களுக்கு முதல் வாரத்துலயே சொல்லுவோம். நானே ஒரு கார்டை நம்பி ஒரு பொண்ணை அனுப்பினேன். அதுக்கப்புறம் எங்க வீட்டுல வந்த மாற்றங்களைச் சொல்றேன், உங்களுக்கும் உதவும்.

டிக்கெட்: முடிஞ்ச வரைக்கும் நேர் ஃப்ளைட். ஆயிரம் ரெண்டாயிரம் அதிகமானாலும் பரவாயில்லை. மாறித்தான் ஆகணும்னா ஒரே டிக்கெட்டா போடுங்க. தனித்தனியா போட்டா, முதல் ஃப்ளைட் லேட் ஆகி ரெண்டாவது போயிட்டா யாரும் பொறுப்பு ஏத்துக்க மாட்டாங்க. நாளோட கடைசி ஃப்ளைட்டைத் தவிர்க்கணும். அது ரத்தானா பசங்க ராத்திரி முழுக்க ஏர்போர்ட்ல.

அடையாள அட்டை: பெரியவங்க கூட வர்ற குழந்தைக்கு உள்நாட்டுல அட்டை கேட்க மாட்டாங்க. தனியா போனா கேட்பாங்க. ஆதாரோ பாஸ்போர்ட்டோ ஒரிஜினல் கையில இருக்கணும்.

பணம்: மூணு வழி. கொஞ்சம் ரொக்கம், அவங்க பேர்லயே ஒரு டெபிட் கார்டு, யு.பி.ஐ. 2024-ல வந்த யு.பி.ஐ. சர்க்கிள் வசதியில உங்க கணக்குல இருந்து இன்னொருத்தர் செலவு பண்ண அனுமதி கொடுக்கலாம். முழு அனுமதின்னா மாசத்துக்கு 15,000, ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் உச்சவரம்பு. கிளம்புற அன்னிக்கு செட் பண்ணாதீங்க. ஒரு வாரம் முன்னாடியே தெருமுனைக் கடையில ஒரு தடவை பண்ணிப் பார்த்துடுங்க.

சாப்பாடு: புளி சாதமும் சப்பாத்தியும் செக்யூரிட்டி தாண்டும். காலி பாட்டில் எடுத்துட்டுப் போய் உள்ள நிரப்பிக்கலாம். பவர் பேங்க் கைப்பையில மட்டும்தான், செக்-இன் பெட்டியில போடக் கூடாது. சென்னை, கொல்கத்தா மாதிரி சில விமான நிலையங்கள்ல 'உடான் யாத்ரி கஃபே' வந்திருக்கு. திறந்தப்போ டீ 10 ரூபாய், சமோசா 20 ரூபாய்.

ஒத்திகை: இதுதான் முக்கியம். வீட்டுலயே ஒருத்தர் கவுண்டர் ஸ்டாஃப் மாதிரி நின்னு, பசங்களைக் கேட்கச் சொல்லுங்க. "என் ஃப்ளைட் லேட், சாப்பாடு எங்க தர்றீங்க?" "எனக்கு உதவி வேணும், நான் மைனர்." யாராவது தொந்தரவு பண்ணினா பக்கத்துல இருக்கிற சி.ஐ.எஸ்.எஃப். வீரர்கிட்ட போகணும். 1098 குழந்தைகளுக்கான உதவி எண், 18 வயசுக்குக் கீழ இருக்கிற எல்லாருக்கும் அது பொருந்தும்.

கடைசியா ஒரு ஒப்பீடு. அமெரிக்காவுல பெரிய ஏர்லைன்கள் 5-ல இருந்து 14 வயசு வரைக்கும் துணைச் சேவையைக் கட்டாயமாக்கியிருக்காங்க. ஒரு வழிக்கு 150 டாலர். அமெரிக்கன் ஏர்லைன்ஸ்ல 15-ல இருந்து 17 வரைக்கும் விருப்பம் இருந்தா எடுத்துக்கலாம். 13 வயசுல தனியா பறக்கிற குழந்தைக்கு, காசு கொடுத்தாவது ஒரு பெரியவர் கூட வர்ற வழி இருக்கணும். அந்த நடுவுல இருக்கிற வயசை நம்ம ஊர் ஏர்லைன்களும் யோசிக்கலாம். டிக்கெட் போடும்போது ஒரு டிக் பாக்ஸ், கேட் ஸ்டாஃப் திரையில ஒரு குறி. டெவலப்பரா சொல்றேன், இது பெரிய வேலை இல்லை.

இந்த வருஷம் மறுபடி வந்துட்டுப் போனா. 17 ஆச்சு. கிளம்பறப்போ சும்மா சீண்டிப் பார்த்தேன், "கார்டு வேணுமா?"

"வேண்டாம் மாமா. உங்க கார்டு உங்ககிட்டயே இருக்கட்டும்."

நேர் ஃப்ளைட் கிடைக்கலை, மறுபடி பெங்களூருதான். மத்தியானம் ஒரு போட்டோ அனுப்பினா. சார்ஜிங் பாயின்ட் பக்கத்துல தரையில உட்கார்ந்து, எங்க அம்மா கட்டிக் கொடுத்த தயிர் சாதம், ஊறுகாய். கீழ ஒரு வரி: "ஃப்ளைட் 40 நிமிஷம் லேட். ரெண்டு மணி நேரம் ஆகலை, அதனால பெட்டி கிடையாது. கேட்டுட்டேன்."

அந்தக் 'கேட்டுட்டேன்' போதும் எனக்கு. உங்க வீட்டுப் பசங்களை இந்த லீவுல தனியா அனுப்பறீங்கன்னா, இந்த எபிசோடை அவங்களோட உட்கார்ந்து கேளுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.